யமனுக்கு அப்புறம்தான் குபேரன்!

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் கிரிவலம் போயிருக்கிறீர்கள் என்றால், எங்கள் ஊரை மிதிக்காமல் போயிருக்க முடியாது. பெரிய கோயிலிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம். பதினாலு கிலோ மீட்டரில் ஏறத்தாழப் பாதி முடிந்து, 'பேசாமல் ஆட்டோவில் வந்திருக்கலாமோ' என்று பக்தி லேசாக ஆட்டம் காண்கிற இடம்.

இங்கே ஆதி அண்ணாமலையார் கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. சுக்குக் காப்பிக் கடைகள் இருக்கின்றன. அப்புறம் ஒரு பி.காம். இருக்கிறது. அது நான்.

பி.காம். படித்தவனுக்கு ஊரில் என்ன மரியாதை தெரியுமோ? ஜோசியருக்கு அடுத்த இடம். நடக்கப் போவதை அவர் சொல்வார். நடந்து முடிந்ததற்கு நான் ஃபாரம் பூர்த்தி செய்வேன். ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், பாங்க்கில் பெயர் சேர்ப்பு, பட்டாவில் பெயர் மாற்றம் எல்லாம் என் இலாகா. அவருக்குத் தட்டில் வெற்றிலை, பாக்கு, நூற்றியொரு ரூபாய். எனக்கு ஒரு டீ. அதுவும் சில சமயம் அரை டீ.

போன மாதம் ஒரு காலை நேரம். ரோட்டோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஓசிப் பேப்பர் படித்துக் கொண்டிருந்தேன். மஞ்சள் பையோடு சித்தப்பா வந்தார்.

"டேய் பி.காமு, ஒரு கணக்கு போடணும். இப்பவே எடுக்கிறதா, இருந்து எடுக்கிறதா?"

"எதைச் சித்தப்பா? பல்லையா?"

"பென்ஷனைடா!"

சித்தப்பாவுக்கு வயது 53. ஒரு நூல் மில்லில் இருபத்தேழு வருஷம் ஓட்டினார். சென்ற வருஷம் மில்லை மூடிவிட்டார்கள். பி.எஃப். பணம் வந்தது, வந்த சுவடு தெரியாமல் கடன்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. மிச்சமிருப்பது அந்த மஞ்சள் பையில் இருக்கிற பென்ஷன் மட்டும்தான்.

தொழிலாளர் பென்ஷன் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். (தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு டீ சொல்லலாம்.) 1995 நவம்பர் 16ஆம் தேதி ஆரம்பித்த திட்டம் இது. பி.எஃப். பிடிக்கிற கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்திருந்தால் 58 வயதிலிருந்து சாகிறவரை மாதாமாதம் பென்ஷன். கணக்கு ரொம்ப சிம்பிள். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். இருபது வருஷம் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம் கொசுறு. ஆனால் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரிலிருந்து அது 15,000 ரூபாய். அதற்கு முந்தின வருஷங்களுக்கு 6,500 வரைதான். அதனால் கோட்டு சூட்டு மேனேஜருக்கும் சித்தப்பாவுக்கும் பென்ஷனில் ரொம்ப தூரம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் சோஷலிசம் வந்துவிட்டது.

சித்தப்பாவின் காகிதங்களைப் பிரித்துக் கூட்டிப் பெருக்கியதில் 58இல் சுமார் மூவாயிரம் வரும் என்று தெரிந்தது. கணக்குக்கு வசதியாக முழுசாக 3,000 என்றே வைத்துக் கொள்வோம்.

இங்கேதான் சர்க்கார் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வேலையை விட்டவர் 50 வயதிலேயே கை நீட்டலாம். ஆனால் 58க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ, வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டு. எதிர்ப்பக்கமும் ஒரு கதவு. 58இல் வாங்காமல் 60 வரை பொறுத்தால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடுதல்.

ஆகவே சித்தப்பா இன்றைக்கே எடுத்தால் ஐந்து வருஷத்துக்கு 20 சதவீதம் போய் 2,400. காத்திருந்தால் 3,000. இந்த வெட்டு 58 வந்ததும் சரியாகி விடாது. ஆயுசுக்கும் வெட்டுதான்.

டீக்கடையில் ஒருவர் சந்தேகம் கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வது தமிழர் பண்பாடு. ஆட்டோக்காரர் முதலில் ஆரம்பித்தார்.

"இன்னா அண்ணே யோசனை? வர்ற காசை வாங்கிப் போடு. நாளைக்கு இருப்போமான்னு யாருக்குத் தெரியும்?"

ரிடையர்டு வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டு, "அவசரப்படக் கூடாது. பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார். வாத்தியாருக்குச் சொல்ல என்ன? அவருடையது சர்க்கார் பென்ஷன். விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறும். மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வீடு கட்டினார். அந்தப் பங்கும் பதினைந்து வருஷத்தில் திரும்பி வந்துவிடும். சித்தப்பாவின் பென்ஷனில் அகவிலைப்படி கிடையாது. ஆரம்பித்த அன்றைக்கு என்னவோ அதுதான். வெட்டியதும் திரும்பாது. இரண்டு பேருக்கும் பேர்தான் பென்ஷன்காரர். எருமையும் யானையும் கறுப்பாக இருக்கிற மாதிரி.

"ஜோசியர் எனக்கு எண்பத்திரண்டுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அதை வெச்சுப் போடு" என்றார் சித்தப்பா.

நான் பேப்பரின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ஒரு ஜாதகம் கூட்டல் கழித்தலுக்கு உதவியது எங்கள் ஊரில் அன்றுதான்.

இப்போதே எடுத்தால் 58 வருவதற்குள் 60 மாதம். மாதம் 2,400 வீதம் 1,44,000 ரூபாய் கையில். அதற்கு அப்புறம் மாதாமாதம் 600 ரூபாய் நஷ்டம். 1,44,000ஐ 600ஆல் வகுத்தால் 240 மாதம். அதாவது இருபது வருஷம். ஆக, சித்தப்பா 78 வயது வரை இருந்தால் இரண்டும் சமம். அதற்கு முன் கிளம்பினால் இன்று எடுத்தது லாபம். அதற்கு மேல் இருந்தால் காத்திருந்தது லாபம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். 50இல் ஆரம்பித்தால் சமமாகிற வயது 75. 53இல் ஆரம்பித்தால் 78. 57இல் ஆரம்பித்தால் 82. எந்த வயதில் ஆரம்பித்தாலும் அதிலிருந்து இருபத்தைந்து வருஷம்! பென்ஷன் ஆயிரமோ ஐயாயிரமோ, அதே இருபத்தைந்துதான். காரணம் பெரிய ரகசியமில்லை. 4 சதவீதம் என்றால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். நீங்களும் உங்கள் வயதோடு 25ஐக் கூட்டிப் பாருங்கள். கால்குலேட்டர் வேண்டாம், விரல் போதும்.

"அப்ப எனக்கு எண்பத்திரண்டு வயசுன்னா காத்திருக்கிறதுதான் லாபமா?"

"ஆமாம் சித்தப்பா. ஜோசியர் சொன்னது பலித்தால்."

"அந்தாளு என் பொண்ணு கல்யாணத்துக்குச் சொன்னதே பலிக்கலியேடா!" என்று கவலையில் ஆழ்ந்தார்.

இந்தக் கவலை அடி அண்ணாமலையில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். என் அத்தை மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனோடு வேலை பார்க்கிற வெள்ளைக்காரர்கள் மதியச் சாப்பாட்டில் பேசுவதே இதுதானாம். அங்கே 1960க்கு அப்புறம் பிறந்தவருக்கு முழுப் பென்ஷன் வயது 67. 62இலேயே எடுத்தால் 30 சதவீதம் வெட்டு. 70 வரை பொறுத்தால் 24 சதவீதம் கூடுதல். டாலரில் யோசித்தாலும் தலைவலி அதேதான்.

அந்த ஊரில் முதன்முதலாக மாதப் பென்ஷன் செக் வாங்கியவர் ஐடா மே ஃபுல்லர் என்ற அம்மாள். 1940 ஜனவரி 31ஆம் தேதி. முதல் செக் 22 டாலர் 54 சென்ட். அதற்கு முன்னால் மூன்று வருஷம் வேலை பார்த்து அவர் சம்பளத்தில் பிடித்தது மொத்தம் 24 டாலர் 75 சென்ட். இரண்டாவது செக்கிலேயே போட்ட முதல் வந்துவிட்டது! அம்மாள் அதோடு நிற்கவில்லை. நூறு வயது வரை இருந்து 1975இல் காலமானார். மொத்தம் வாங்கியது 22,888 டாலர் சொச்சம். சர்க்கார் ஒன்றும் முறைத்துக் கொள்ளவில்லை. ஏனென்றால் பென்ஷன் என்பதே அதற்காகத்தான். சீக்கிரம் போகிறவருக்குப் பெரிய பணக் கஷ்டம் வருவதற்குள் போய்விடுகிறார். போகாமல் இருப்பவருக்குத்தான் கஷ்டம்.

அடுத்தவர் ஆயுசை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்தவர் கதையும் ஒன்று உண்டு. பிரான்ஸில் ஷான் கால்மன் என்ற பாட்டி. 1965இல் அவருக்கு 90 வயது. ஒரு வக்கீல், அவருக்கு வயது 47, பாட்டியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். பாட்டி உயிரோடு இருக்கிற வரை மாதம் 2,500 ஃபிராங்க் தருவது. அவர் காலத்துக்குப் பிறகு வீடு வக்கீலுக்கு. 'தொண்ணூறு வயது, மிஞ்சிப் போனால் இன்னும் எத்தனை தீபாவளி' என்று வக்கீல் நினைத்திருப்பார். (கிறிஸ்துமஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள்.) முப்பது வருஷம் மாதாமாதம் கட்டினார். 1995இல், 77 வயதில், வக்கீல் போய்ச் சேர்ந்தார். பாட்டி இருந்தார்! வக்கீலின் சம்சாரம் தொடர்ந்து கட்டினார். பாட்டி 1997இல் தமது 122ஆவது வயதில்தான் மனது வைத்தார். அதற்குள் வீட்டின் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தாகி விட்டது.

இதை சித்தப்பாவிடம் சொன்னேன். "நூத்தி இருபத்திரண்டா! அவங்க ஊர்ல இன்னாடா சாப்பிடறாங்க?" என்றார்.

சரி, கதை போகட்டும். நம் ஊரில் 60ஐத் தொட்டவர் சராசரியாக இன்னும் பதினேழு, பதினெட்டு வருஷம் இருக்கிறார் என்கிறது சென்சஸ் இலாகாவின் கணக்கு. இந்தியரின் சராசரி ஆயுள் எழுபது என்று கேள்விப்பட்டு, 'அறுபது ஆயிற்றே, இன்னும் பத்துதான் பாக்கி' என்று யாரும் மூட்டை கட்ட வேண்டாம். அந்த எழுபது, பிறந்த குழந்தைக்கான கணக்கு. பிள்ளைப் பிராயத்திலேயே போய்விடுகிறவர்களையும் சேர்த்து வருகிற சராசரி. அறுபது வரை வந்துவிட்டவர் பாதிக் கிணறு தாண்டியவர்.

ஆக சராசரி ஆள் 77, 78. சித்தப்பாவுக்குச் சமமாகிற வயது 78. அதாவது சர்க்கார் காசைச் சுண்டிப் போட்டிருக்கிறது. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் சர்க்காருக்குப் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆட்டோக்காரர் கட்சிக்கும் நியாயமாக இரண்டு ஓட்டுப் போட வேண்டும். ஒன்று, இந்தப் பென்ஷன் ஏறாது. ஐந்து வருஷம் கழித்து மூவாயிரத்துக்கு இன்றைய மூவாயிரத்தின் பருப்பும் எண்ணெயும் வராது. முன்னால் வாங்கின காசு கனமான காசு. அதை பாங்க்கில் போட்டால் வட்டி வேறு. (போட்டால்! மாதம் 2,400 வந்தால் சித்தப்பா பாங்க்குக்கா போவார்? போகிற வழியில் மூன்று மொய்யும் ஒரு காதுகுத்தும் இருக்குமே!) இரண்டாவது, கடன். மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால் அது வருஷத்துக்கு 36 சதவீதம். 4 சதவீத வெட்டுக்குப் பயந்து 36 சதவீத வட்டி கட்டுகிறவரை பி.காம். என்ன, ஐ.நா. சபையே காப்பாற்ற முடியாது. அப்படிப்பட்டவர் யோசிக்காமல் இன்றைக்கே பென்ஷனை எடுத்துக் கடனை அடைப்பதுதான் சரி. அடுப்பில் உலை வைக்கவே வழியில்லாதவருக்கும் அதே தீர்ப்புதான்.

சித்தப்பாவுக்கு மூணு வட்டி இல்லை. பி.எஃப். பணத்தில் அதை முடித்துவிட்டார். கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் டீக்கடை கமிட்டி இரண்டாகப் பிளந்து, மூன்றாவது டீயோடு முடிவில்லாமல் கலைந்தது.

* * *

சாயங்காலம் பௌர்ணமி. ஊரெல்லாம் ஜனம். சித்தி பாதையோரத்தில் இட்லிக் கடை போட்டிருந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதுதான் அவளுடைய போனஸ். சித்தப்பா சட்னி வாளியோடு நின்றிருந்தார். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் காலையில் போட்ட கணக்கைச் சித்திக்கு விளக்கினேன். எழுபத்தெட்டு, அறுநூறு, இருபத்தைந்து வருஷம் எல்லாம் சொன்னேன். ஐடா மே பாட்டியைக் கூடச் சொன்னேன்.

சித்தி இட்லித் தட்டைத் துடைத்துக் கொண்டே கேட்டாள்: "அவருக்குப் பொறவு எனக்கு எவ்ளோடா வரும்?"

நான் முழித்தேன்.

காலையிலிருந்து பத்துப் பேர் பேசியிருக்கிறோம். ஜோசியர், பிரெஞ்சு வக்கீல், அமெரிக்கா வரை போய் வந்திருக்கிறோம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சித்தப்பாவுக்கு 53. சித்திக்கு 45. பொதுவாகவே பெண்களுக்கு ஆயுசு கெட்டி. எல்லாம் நல்லபடியாக நடந்து சித்தப்பா 78இல் கணக்கை முடித்தாலும், சித்திக்கு அன்றைக்கு எழுபதுதான். அதற்கு அப்புறம் பத்து வருஷமோ பதினைந்து வருஷமோ அவள் தனியாக இட்லி ஊற்ற வேண்டும்.

பென்ஷன்காரர் இறந்தால் மனைவிக்குப் பாதி. எதில் பாதி? அவர் கடைசியாக வாங்கிக் கொண்டிருந்ததில் பாதி! இப்போதே எடுத்தால் 2,400இல் பாதி 1,200. காத்திருந்தால் 1,500. சித்தப்பாவின் அவசரத்துக்கு வெட்டு சித்தப்பாவோடு முடியாது. சித்தி தலையிலும் கடைசி வரை விழும்.

எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்தது. பெரியப்பாவும் மில்தான். 2004இல், ஐம்பது முடிந்த கையோடு பென்ஷன் எடுத்தார். அப்போது வெட்டு வருஷத்துக்கு 3 சதவீதம். 2008இல்தான் 4 ஆக்கினார்கள். எட்டு வருஷத்துக்கு 24 சதவீதம் போய், ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அவர் எடுத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் நின்றார்கள். 2016இல் பெரியப்பா காலமானார். சொச்சத்தில் பாதி ஐந்நூற்றுச் சில்லறை. நல்லவேளையாக 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் ஆயிரம் என்று ஆக்கியிருந்தார்கள். அதனால் பெரியம்மாவுக்கு ஆயிரம். வருஷத்துக்கு ஒரு தடவை விரலை மெஷினில் அழுத்தி, தான் உயிரோடிருப்பதைச் சர்க்காருக்கு நிரூபித்துவிட்டு அந்த ஆயிரத்தை வாங்குகிறாள். அவள் விரலில் ரேகை பாதி தேய்ந்துவிட்டது. பெரியப்பா பென்ஷன் எடுத்த அன்றைக்கு வீட்டில் நடந்த விவாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா இருந்தார், பெரியப்பாவின் நண்பர்கள் இருந்தார்கள். பெரியம்மா உள்ளே எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொண்டிருந்தாள்.

"சித்தி, நீ கேட்டதுதான் கேள்வி. நாங்க போட்டதெல்லாம் அரைக் கணக்கு" என்றேன்.

சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார். "அது சரிடா. ஆனா அஞ்சு வருஷம் காத்திருக்கச் சொல்லோ நான் பொட்டுனு போயிட்டா? மொத்தமும் சர்க்காருக்கா?"

நியாயமான பயம். மில் தொழிலாளர்களில் பாதிப் பேர் அவசரமாக எடுப்பதற்கு இந்தப் பயம்தான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் அப்படி இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் முடித்து வேலையை விட்டவர், ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் என்ற ஒரு சான்றிதழை வாங்கி வைத்துக் கொண்டு காத்திருக்கலாம். 58க்கு முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. இருபத்தைந்து வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால், இரண்டு பேர் வரை, அவர்களுக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு. காத்திருக்கிறவர் பணத்தைச் சர்க்கார் முழுங்கிவிடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 58இல் 2,000க்குக் கீழே வருகிறவர்களுக்கு இந்த மனைவி பங்குக் கணக்கில் வித்தியாசம் இல்லை. பாதி எப்படியும் ஆயிரத்துக்குக் கீழேதான், ஆயிரமாக்கித் தந்துவிடுவார்கள். 2,000க்கு மேலே வருகிறவர்களும், மனைவி ரொம்பச் சின்னவராக இருக்கிறவர்களும்தான் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சித்தி ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். கிரிவலக் கூட்டம் போய்க் கொண்டிருந்தது.

"இந்தப் பாதையில முதல்ல எது வருது? யமலிங்கமா, குபேரலிங்கமா?" என்று கேட்டாள்.

எட்டு லிங்கங்களில் யமலிங்கம் மூன்றாவது. குபேரலிங்கம் ஏழாவது. எங்கள் ஊர் நடுவில். தினமும் பார்க்கிற பாதைதான். இப்படி ஒரு அர்த்தம் எனக்குத் தோன்றியதே இல்லை.

"யமன் இவரை வழியில நிறுத்திக்கிட்டா, குபேரன் வரைக்கும் நான்தானே தனியா நடக்கணும்? அதுக்குத்தான் கேட்டேன்" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு, காத்துக் கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு நாலு இட்லி வைத்தாள்.

சித்தப்பா இதைக் கேட்டதாகக் காட்டிக் கொள்ளவில்லை. சட்னி வாளியை எடுத்துக் கொண்டு அந்தப் பெரியவருக்கு ஊற்றினார். கேட்காமலே இரண்டாவது கரண்டியும் ஊற்றினார்.

* * *

தீர்ப்பு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? சித்திதான் சொன்னாள். இது தாலி கட்டுகிற முகூர்த்தமா, இன்றைக்கு விட்டால் போய்விடுவதற்கு? ஐம்பத்து மூன்றில் எடுக்காவிட்டால் ஐம்பத்து நாலில் எடுக்கலாம், ஐம்பத்தைந்தில் எடுக்கலாம். எடுத்தால்தான் திரும்ப முடியாது. எடுக்காமல் இருந்தால் எப்போதும் எடுக்கலாம். அதனால் சித்தப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போவது. ஸ்கீம் சர்ட்டிஃபிகேட்டுக்கு எழுதிப் போடுவது. லாட்ஜில் பி.எஃப். பிடித்தால் ரொம்ப நல்லது, சர்வீஸ் கூடிக்கொண்டே போகும். வருஷா வருஷம் கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் நான் வந்து கணக்குப் பார்ப்பது. வேலை போனாலோ, உடம்பு படுத்தினாலோ, கடன் ஏறினாலோ அன்றைக்கே பென்ஷனுக்கு எழுதிப் போட்டுவிடுவது. ஃபீஸ், ஆறு இட்லி.

பி.காமில் மூன்று வருஷம் படித்தும் எனக்கு இவ்வளவு தெளிவு வரவில்லை. சித்தி எட்டாம் கிளாஸ்.

பென்ஷனுக்கான 10-டி ஃபாரத்தை சித்தப்பாவுக்குக் காட்டினேன், பின்னால் உதவும் என்று. பெயர், பிறந்த தேதி, பாங்க் விவரம் என்று வரிசையாகப் பார்த்துக் கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இது இன்னாடா, ஃபோட்டோல ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கணுமா?"

ஆமாம். தனி ஃபோட்டோ செல்லாது. புருஷன் பெண்டாட்டி ஜோடியாக எடுத்த ஃபோட்டோ கேட்கிறார்கள். டீக்கடையில் எங்கள் பத்துப் பேருக்குத் தோன்றாதது, ஃபாரம் அச்சடித்த ஏதோ ஒரு குமாஸ்தாவுக்கு எப்போதோ தோன்றியிருக்கிறது.

வீட்டில் தேடியதில் சித்தப்பாவும் சித்தியும் சேர்ந்து இருக்கிற ஃபோட்டோ ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கல்யாண ஃபோட்டோ. அதில் சித்தப்பாவுக்கு மீசை மட்டும்தான் தெளிவாக இருக்கிறது. சித்தி தலையைக் குனிந்து கொண்டிருக்கிறாள், வகிடு தெரிகிறது.

"இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார் சித்தப்பா.

"வேணாம். பென்ஷன் காத்திருக்கட்டும். ஃபோட்டோவை இப்பவே எடுத்துடலாம்" என்றாள் சித்தி. "அஞ்சு வருஷம் போனா நீங்க இன்னும் கெழவனாயிடுவீங்க."

மறுநாள் இருவரும் டவுனுக்குப் போய் எடுத்துக் கொண்டு வந்தார்கள். பார்த்தேன். இந்தத் தடவை சித்தி தலையை நிமிர்த்திக் கொண்டிருக்கிறாள். சித்தப்பா சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை 10-டி ஏற்றுக் கொள்ளுமா என்பதை மட்டும் அந்த ஆபீஸில் விசாரிக்க வேண்டும்.